நினைவு உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்க விரும்பும் புகைப்பட இதழியல் மாணவருக்கு

செய்திப் படம் எடுப்பதையே தொழிலாக்கிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் சிலராவது என்னைத் தேடி வருகிறார்கள். சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊடகம் படிப்பவர்களும், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வீ கிம் வீ தகவல் தொடர்புப் பள்ளியில் படிப்பவர்களும் அவர்களில் உண்டு. பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, இந்த உபகாரச் சம்பளத்துக்கு எந்தப் படங்களை அனுப்பலாம்?" அது யார் நினைவாக வழங்கப்படுகிறது என்று நான் திருப்பிக் கேட்டால், பலருக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. விண்ணப்பப் படிவத்தின் தலைப்பில் இருக்கும் பெயரை அவர்கள் ஒரு நிறுவனத்தின் பெயரைப் போலக் கடந்து வந்திருப்பார்கள்.

நினைவு உபகாரச் சம்பளம் என்பது மற்ற உதவித்தொகைகளைப் போன்றதன்று. எங்கோ ஒரு வீட்டில் ஒரு மகனோ மகளோ திரும்பி வரவில்லை. பெற்றோரோ நண்பர்களோ உடன் பணியாற்றியவர்களோ பணம் திரட்டி, அந்தப் பிள்ளை செய்ய நினைத்த வேலையை வேறொரு பிள்ளை செய்யட்டும் என்று ஒரு நிதியை ஏற்படுத்தியிருக்கிறார்கள். விண்ணப்பத்தைப் படிக்கும் நடுவர் குழுவில் இறந்தவரை நேரில் அறிந்த ஒருவர் இருக்கக்கூடும். இதை மனத்தில் கொண்டால், என்ன படம் எடுப்பது, எதை எழுதுவது, எதைத் தவிர்ப்பது என்பவற்றில் பாதி தானாகவே தெளிந்துவிடும். ஆகவே இந்த வழிகாட்டியை அந்தப் பெயரிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் வேலை: பெயருக்குரியவரைத் தெரிந்துகொள்ளுங்கள்

சில எடுத்துக்காட்டுகளைச் சொல்கிறேன். இயன் பேரி என்ற இளைஞர் லண்டனின் சண்டே டைம்ஸ் இதழுக்காக ருமேனியப் புரட்சியைப் படமெடுக்கச் சென்று, 1989 டிசம்பரில் விமான விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 24. அடுத்த ஆண்டே அவர் பெயரில் உபகாரச் சம்பளம் தொடங்கப்பட்டது. பின்னாளில் அது நல்கை என்று பெயர் மாறியது. முழுநேரமாகப் புகைப்படம் படிப்பவர்களையும் 24 வயதுக்கு மேற்படாதவர்களையும் கருத்தில் கொண்டு அமைக்கப்பட்ட திட்டம் அது. முடித்த படங்களின் தொகுப்போடு, வென்றால் எடுக்கவிருக்கும் படத்தொடர் பற்றிய சுருக்கத்தையும் கேட்பது அதன் மரபு. வயது வரம்பைப் படிக்கும்போது, அது அவர் வாழ்ந்து முடித்த வயது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அலெக்ஸியா சைரிஸ் அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் புகைப்பட இதழியல் படித்த மாணவி. லண்டனில் ஒரு பருவம் படித்துவிட்டு வீடு திரும்பும் வழியில், 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி நகருக்கு மேலே குண்டுவெடிப்பில் சிதறிய பேன் ஆம் 103 விமானத்தில் அவரும் இருந்தார். அந்தத் தாக்குதலில் மாண்ட 270 பேரில் 35 பேர் சிரக்யூஸ் பல்கலைக்கழகத் திட்டத்தில் படித்த மாணவர்கள். அலெக்ஸியாவின் பெற்றோர் 1991இல் ஓர் அறக்கட்டளை அமைத்து, உலக அமைதியையும் பண்பாடுகளுக்கு இடையிலான புரிதலையும் வளர்க்கும் படத்தொடர்களுக்கு மாணவர் நல்கைகளும் தொழில்முறைக் கலைஞர் நல்கையும் வழங்கிவந்தார்கள். இப்போது அது சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் நியூஹவுஸ் பள்ளியோடு இணைந்து நடக்கிறது. அந்தப் பெற்றோருக்கு எவ்வளவு சினம் இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த சொல்லோ அமைதி. அந்தச் சொல்லை உணராமல், வெறும் அதிர்ச்சிக்காக எடுத்த படங்களை அங்கே அனுப்பும் விண்ணப்பம் முதல் பார்வையிலேயே தோற்றுவிடும் என்பது என் கருத்து.

செய்திப் படக் கலைஞர் ரீட் பிளாக்பர்ன் 1980 மே 18 அன்று அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்தபோது அதைக் கண்காணிக்கும் முகாமில் இருந்து மறைந்தவர், வயது 27. அவர் நினைவாக அமெரிக்காவில் வழங்கப்படும் மாணவர் உபகாரச் சம்பளம், அங்கே படிக்கச் செல்லும் நம் மாணவர்களுக்குப் பயன்படக்கூடியது. அமெரிக்கப் புகைப்பட இதழியலாளர் யூஜின் ஸ்மித் 1978இல் மறைந்த மறு ஆண்டே அமைந்த நினைவு நிதி, மனித நேயமுள்ள ஆவணப் படங்களுக்கானது. புகைப்படக் கலைஞர் இங்கே மோராத் (Inge Morath) பெயரிலான விருது 30 வயதுக்குட்பட்ட பெண் கலைஞர்களுக்காகத் தொடங்கப்பட்டது. இப்படி ஒவ்வொரு நிதிக்கும் ஒரு முகமும் ஒரு மனப்போக்கும் உண்டு.

நம் ஊரிலும் அப்படி மறைந்தவர்கள் இருக்கிறார்கள். சார்ல்ஸ் செல்லப்பா என்ற சிங்கப்பூரர் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்துக்காகப் படமெடுக்கச் சென்று, 1966 பிப்ரவரியில் வியட்நாமில் உயிரிழந்தார். அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சிக்காக ஒளிப்பதிவு செய்த டெர்ரி கூ, சாம் காய் ஃபே ஆகிய இரு சிங்கப்பூரர்கள் 1972 ஜூலையில் வியட்நாமின் குவாங் திரி அருகே கொல்லப்பட்டார்கள். செல்லப்பா என்ற பெயரை முதன்முதலில் அப்படி மறைந்தவர்களின் பட்டியல் ஒன்றில் கண்ட நாளை நான் மறக்கவில்லை. நம் பெயர்களில் ஒன்று அங்கே இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

பெயருக்குரியவரின் படங்களைத் தேடிப் பாருங்கள். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தின் லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தில் புகைப்படத் தொகுதிகளை எடுத்து வைத்து மணிக்கணக்கில் பார்க்கலாம். மிடில் ரோட்டில் உள்ள ஆப்ஜெக்டிஃப்ஸ் நிலையத்தின் கண்காட்சிகளையும், 2008 முதல் நடந்துவரும் சிங்கப்பூர் அனைத்துலகப் புகைப்பட விழாவையும் தவறவிடாதீர்கள். ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, அவர் எடுத்த 20 படங்களைப் பார்த்து, அவர் எதன் அருகில் போய் நின்றார் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அந்தப் பக்கத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. பிறகு திட்ட அறிக்கை எழுதும்போது அது உங்களுக்கு உதவும்.

தகுதி விதிகளில் நம்மவர் தடுக்கி விழும் இடங்கள்

விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், அந்தந்த ஆண்டுக்கான விதிகளைத்தான் படிக்க வேண்டும். மூத்த மாணவர் சொன்னதை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். முதலில் வயது. சிங்கப்பூர் ஆண்கள் ஈராண்டு முழுநேர தேசிய சேவை செய்வதால், பல்கலைக்கழகத்தில் நுழையும்போதே பலருக்கு 21 வயதாகிவிடுகிறது; பலதுறைத் தொழிற்கல்லூரி வழியாக வருபவர்களுக்கு அதைவிடவும் கூடுதலாகும். பிற நாட்டு நிதிகளின் வயது வரம்பு இதைக் கணக்கில் கொள்வதில்லை. வயது வரம்புக்கு மாற்றாக 'முழுநேர மாணவராக இருக்க வேண்டும்' என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால், தேசிய சேவை முடிந்த கையோடு, முதல் ஆண்டிலேயே விண்ணப்பிப்பதுதான் வழி. நான்காம் ஆண்டு வரை காத்திருந்து, படம் கனிந்துவிட்டது, வயது கடந்துவிட்டது என்று வருந்திய பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, எந்தக் கணத்தில் நீங்கள் மாணவராக இருக்க வேண்டும் என்பது. விண்ணப்பிக்கும் நாளிலா, பணம் வழங்கும் நாளிலா? இரண்டுக்கும் இடையே பட்டமளிப்பு வந்துவிட்டால் சில நிதிகள் உங்களை ஒதுக்கிவிடும். சந்தேகம் இருந்தால் ஏற்பாட்டாளருக்கு இரண்டு வரியில் கேட்டு எழுதுங்கள். இப்படிக் கேட்பதால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

பணத்தின் தன்மையையும் புரிந்துகொள்ளுங்கள். ஊடக நிறுவனங்கள் வழங்கும் உபகாரச் சம்பளங்களில், படித்து முடித்தபின் அந்நிறுவனத்திலேயே சில ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும் என்ற கட்டாயப் பணிக்காலம் பெரும்பாலும் இருக்கும். நினைவு நிதிகளில் அது அரிது. அங்கே வேறு கடமைகள் இருக்கும். குறிப்பிட்ட படத்தொடரைக் குறித்த காலத்துக்குள் முடிப்பது, கண்காட்சிக்குப் படங்களைத் தருவது, நிதியின் பெயரை ஒவ்வொரு வெளியீட்டிலும் குறிப்பிடுவது ஆகியவை அவற்றில் சில. ஏற்கெனவே வேறு உதவிநிதி பெறுபவர் இரண்டையும் சேர்த்துப் பெறலாமா என்பதை இரு தரப்பிலும் கேளுங்கள். தமிழகத்திலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ வந்து, கல்வி அமைச்சின் கட்டண மானியத்தோடு இங்கே படிக்கும் மாணவர்களுக்குப் படிப்பு முடிந்தபின் 3 ஆண்டு சிங்கப்பூர் நிறுவனங்களில் வேலை செய்யும் கடமை இருப்பதால், ஓராண்டு வெளிநாட்டில் தங்கிப் படமெடுக்கும் திட்டத்தை எழுதும் முன் அந்தக் கடமையை ஒத்திவைக்க முடியுமா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

எதைப் படமெடுப்பது

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். நம் மாணவர்கள் கொண்டுவரும் தொகுப்புகளில் பத்தில் எட்டில் தைப்பூசம் இருக்கும். சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை ஒரே நாளில் ஒருவர் ஆயிரம் படம் எடுத்துவிட முடியும். அலகு, காவடி, வியர்வை, கண்ணீர் எல்லாம் அங்கே கேட்காமலே கிடைக்கும். அந்தப் பக்தியை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நடுவர்கள் அந்தப் படங்களைப் பல ஆண்டுகளாக, பல நூறு பேரிடமிருந்து பார்த்திருக்கிறார்கள். மாரியம்மன் கோயில் தீமிதிக்கும் இது பொருந்தும். ஓர் ஊரின் மிகப் பெரிய நாளில் எடுத்த படம், அந்த ஊரில் பிறந்தவர் எடுத்ததா, சுற்றுலா வந்தவர் எடுத்ததா என்பதைச் சொல்வதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி என்னிடம் அத்தகைய காவடிப் படங்களோடுதான் வந்தாள். நல்ல படங்கள்தாம். அவற்றைப் பார்த்து முடித்துவிட்டு, "இந்த மாலைகளை யார் கட்டியது?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. மறு வாரம் அதிகாலை 5 மணிக்கு லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஒரு பூக்கடைக்குப் போனாள். முதல் மூன்று நாள்கள் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. தண்ணீர் தெளிப்பதற்கும் பூவைப் பிரிப்பதற்கும் உதவி செய்தாள். மொத்தம் 11 காலைகள். அவள் கொண்டுவந்த படங்களில் நான் அதுவரை கவனிக்காத பலவும் இருந்தன: ஃபோம் பெட்டியில் பனிக்கட்டியோடு வந்திறங்கும் மல்லிகை மொட்டு, கொக்கியில் தொங்கும் நூல், கட்டுபவரின் கட்டைவிரல் நகத்தில் பல ஆண்டுகளாக ஊறிப்போன பச்சைக் கறை. தைப்பூசமும் அந்தத் தொடரில் இருந்தது. கடையின் உள்ளிருந்து பார்க்கும்போது, தெருவில் மேளம் போகிறது. பூக்கடைக்காரர் தலை நிமிராமல் மாலை கட்டிக்கொண்டிருக்கிறார்.

உங்களால் பலமுறை திரும்பிப் போக முடிகிற இடத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் என் அறிவுரை. நிதியின் பெயருக்குரியவர் போர்முனையில் இறந்தார் என்பதால் நீங்களும் போர்முனைக்குப் போக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. மாணவர்களை அப்படி அனுப்புவதை எந்தப் பொறுப்புள்ள நிதியும் விரும்பாது. பெருவிரைவு ரயிலில் ஏறி அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடத்தில், உங்கள் மொழி ஒரு கதவைத் திறக்கும் என்றால், அதைவிடப் பெரிய வாய்ப்பு வேறில்லை. இந்த ஊரில் தமிழ் பேசத் தெரிந்த செய்திப் படக் கலைஞர்கள் சிலரே. கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் திருவாரூர்க்காரர் ஒருவர் தன் ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிக்கிறார் என்பதை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கேட்டறிய உங்களால் முடியும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி உங்களைப் பேரப்பிள்ளையாக நினைத்து உள்ளே கூப்பிடுவார். அந்த நம்பிக்கையை எப்படிக் காப்பது என்பதுதான் அடுத்த கேள்வி.

அனுமதி

பொது இடத்தில் படமெடுக்கலாம் என்பதாலேயே எல்லாரையும் எடுத்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். கடை, கோயில், தங்குவிடுதி, மருத்துவமனை ஆகியவற்றுக்குப் பொறுப்பாளரின் அனுமதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட இடம் என்ற அறிவிப்புப் பலகை கண்ட இடத்தில் கேமராவைத் தூக்கவே கூடாது. வெளிநாட்டு ஊழியரைப் படமெடுக்கும்போது, படம் வெளியானால் அவருடைய வேலைக்குத் தீங்கு வருமா என்பதை அவரைவிட நீங்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். படம் எங்கெங்கே போகும், யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்று பின்னால் சொல்ல முடியுமா என்பவற்றைத் தமிழில் விளக்கிச் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தயங்கியவர் தலையாட்டுவதைச் சம்மதமாகக் கொள்ளாதீர்கள்.

படங்களைத் தேர்ந்தெடுப்பது

கணினித் திரையில் தொகுப்பை முடிக்க முயலாதீர்கள். அருகிலுள்ள புகைப்படக் கடையில் அறுபது, எழுபது படங்களைச் சிறிய அளவில் அச்சிட்டுக்கொள்ளுங்கள், பெரிய செலவில்லை. உணவு மேசையில் பரப்பி, ஒரு வாரம் அப்படியே விடுங்கள். போகும்போதும் வரும்போதும் பாருங்கள். வீட்டில் உள்ளவர்கள் எந்தப் படத்தருகே நிற்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அந்த மாணவி என் வீட்டு மேசையில் பரப்பிய படங்களிலிருந்து ஒன்றை எடுத்துத் தனியே கவிழ்த்து வைத்தாள். வெளிச்சம் சரியில்லை, கடையின் குழல்விளக்கு முகத்தில் பச்சையாக விழுகிறது என்றாள். நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். பூப்பெட்டியின் மேல் சாய்த்து வைத்த கைத்தொலைபேசியில், தமிழ்நாட்டில் இருக்கும் பூக்கடைக்காரரின் சிறு மகள் காணொளி அழைப்பில் தெரிகிறாள். அவர் பார்வை மகள்மேல் இருக்கிறது. இரண்டு கைகளும் மாலையில் இருக்கின்றன. தொலைபேசியைக் கையில் எடுக்க அவருக்கு நேரமில்லை. அந்தப் படத்தை மேசையின் நடுவில் வைத்தவுடன் மற்றவை எல்லாம் அதைச் சுற்றி வந்து அமர்ந்தன. காவடிப் படங்களில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே மேசையை விட்டு இறங்கின. வெளிச்சம், கூர்மை, கோணம் ஆகியவற்றை நடுவர்கள் பார்ப்பார்கள்தாம். ஆனால் வேறு யாராலும் எடுத்திருக்க முடியாத படம் ஒன்று தொகுப்பில் இருந்தால், மற்றவற்றை அவர்கள் பொறுமையோடு பார்ப்பார்கள்.

12 படங்கள் கேட்டால் 12க்குள் நிறுத்துங்கள். 9 நல்ல படங்கள் இருந்தால் 9 மட்டும் அனுப்புங்கள். ஒரு தளர்ந்த படம் அதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டையும் சேர்த்துத் தளரச் செய்துவிடும். முதல் படம் இடத்தையும் மனிதரையும் காட்டட்டும். ஒரே தூரத்தில், ஒரே உயரத்திலிருந்து எடுத்த படங்கள் அடுத்தடுத்து வர வேண்டாம். கை, கருவி, காகிதம் போன்ற நெருக்கமான படம் ஒன்றாவது இருக்கட்டும். கடைசிப் படம் எதுவென்று முடிவு செய்யத்தான் எனக்கும் எப்போதும் அதிக நேரம் ஆகிறது. அழகான சூரிய அஸ்தமனத்தை அங்கே வைக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

தொகுப்பைக் குறைந்தது மூவரிடம் காட்டுங்கள். ஒருவர் தொழில் தெரிந்தவராகவும், ஒருவர் படங்களில் உள்ள வாழ்க்கையைத் தெரிந்தவராகவும், ஒருவர் இரண்டும் தெரியாதவராகவும் இருக்கட்டும்.

படக்குறிப்பும் பெயர்களும்

நான் இத்தொழிலில் சேர்ந்த முதல் ஆண்டில், ஒரு விபத்தில் இறந்தவரின் படத்துக்குக் குறிப்பு எழுதும்போது, அவருடைய பெயருக்குப் பதிலாக அவருடைய தம்பியின் பெயரை எழுதிவிட்டேன். இரண்டு பெயர்களும் ஒரே எழுத்தில் தொடங்குபவை; குறிப்பேட்டில் அவசரமாக எழுதியதைச் சரிபார்க்கவில்லை. மறுநாள் காலை அவர்களுடைய தாயார் அலுவலகத்துக்கு அழைத்தார். "ஒருத்தன்தான்மா போனான், இன்னொருத்தன் இருக்கான்" என்றார். அவர் கோபப்படவில்லை. அந்தக் குரலை இன்றும் நான் கேட்கிறேன். அன்று முதல், படத்தில் இருப்பவரிடமே என் குறிப்பேட்டைக் கொடுத்து, அவர் கையாலேயே பெயரை எழுதச் சொல்கிறேன். எழுதத் தெரியாதவராக இருந்தால் எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டுகிறேன்.

படக்குறிப்பில் யார், எங்கே, எப்போது, என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பவை முதல் வாக்கியத்தில் வர வேண்டும். இரண்டாவது வாக்கியம், படத்தில் தெரியாத ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைச் சொல்லட்டும். "சோகத்தில் ஆழ்ந்திருக்கிறார்" என்பது போன்ற உங்கள் ஊகங்களைத் தவிர்த்துவிடுங்கள். குறிப்பை ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டியிருந்தாலும் தமிழில் முதலில் எழுதிப் பாருங்கள். படத்தில் இருப்பவர் அதைப் படித்தால் ஒப்புக்கொள்வாரா என்பது அப்போது தெரிந்துவிடும். அதே குறிப்பைக் கோப்புக்குள்ளும் பதிய வேண்டும். ஐபிடிசி என்று அழைக்கப்படும் அந்தப் பகுதியை லைட்ரூம், போட்டோ மெக்கானிக் போன்ற மென்பொருள்களில் எளிதில் நிரப்பலாம்.

தமிழ்ப் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது என்பதை வெளிநாட்டு ஆசிரியர்கள் அறியமாட்டார்கள். தந்தையின் பெயரைக் கொண்டு ஒருவரைக் குறிப்பிடும் தவறு அங்கே அடிக்கடி நேர்கிறது. எந்தப் பெயரால் அவரை அழைக்க வேண்டும் என்பதைக் குறிப்பிலேயே தெளிவாக்கிவிடுங்கள். உங்கள் சொந்தப் பெயருக்கும் இது பொருந்தும்: விண்ணப்பப் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் எதை நிரப்புகிறீர்களோ அதுவே பரிந்துரைக் கடிதத்திலும் கடப்பிதழிலும் வங்கிக் கணக்கிலும் பொருந்தி வர வேண்டும். பொருந்தாவிட்டால் பணம் வரும்போது வங்கியில் தாமதமாகும்.

திருத்தம் செய்வதில் எல்லை

வெளிச்சத்தையும் நிறத்தையும் மிதமாகச் சரிசெய்யலாம். படத்தில் இருந்ததை நீக்கவோ, இல்லாததைச் சேர்க்கவோ கூடாது. மின்கம்பி ஒன்றை அழித்தாலும் அது பொய்தான். 2015ஆம் ஆண்டின் வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் இறுதிக்கு முந்திய சுற்றை எட்டிய படங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, அளவுக்கு மீறித் திருத்தப்பட்டதால் நீக்கப்பட்டது. கேமராவில் பதிவான, 'ரா' எனப்படும் திருத்தப்படாத மூலக் கோப்புகளை ஒன்றுகூட அழிக்காமல் இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். நடுவர்கள் கேட்டால் அன்றே அனுப்ப வேண்டியிருக்கும். செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படத்துக்கு இத்துறையில் இடமே இல்லை. "இன்னொரு முறை அப்படியே செய்யுங்கள்" என்று படத்தில் இருப்பவரிடம் கேட்டு எடுத்த படத்தையும் தொகுப்பில் சேர்க்காதீர்கள்.

திட்ட அறிக்கையும் செலவுக் கணக்கும்

'சிறுவயது முதலே எனக்குப் புகைப்படத்தில் ஆர்வம்' என்று தொடங்கும் அறிக்கைகள் குவியல் குவியலாக வரும். உங்கள் அறிக்கை நீங்கள் படமெடுக்கவிருக்கும் மனிதர்களில் தொடங்கட்டும். யாரை, எங்கே, எத்தனை மாதம், இதுவரை எத்தனை முறை சந்தித்திருக்கிறீர்கள், அவர்கள் ஏன் உங்களை அனுமதித்தார்கள், இன்னும் எடுக்காதவை எவை என்பவற்றைச் சொல்லுங்கள். பிறகு ஒரு பத்தியில், பெயருக்குரியவரின் பணிக்கும் உங்கள் திட்டத்துக்கும் உள்ள தொடர்பை எழுதுங்கள். முன்பு எழுதி வைத்த அந்த ஒரு பக்கம் இங்கே பயன்படும். அளவுக்கு மீறிப் புகழ வேண்டாம். அவருடைய ஒரு படத்தைக் குறிப்பிட்டு, அதிலிருந்து நீங்கள் கற்ற ஒன்றைச் சொன்னால் போதும். பெற்ற தாய் படித்தால் வலிக்கக்கூடிய எதையும், அவர் இறந்த விதத்தை நாடகமாக்குவதையும், தவிர்க்க வேண்டும்.

செலவுக் கணக்கை உண்மையாக எழுதுங்கள். பயணம், உணவு, சேமிப்பு வட்டு, அச்சு, காப்புறுதி, வேண்டுமென்றால் கேமரா வாடகை ஆகியவற்றைச் சிங்கப்பூர் வெள்ளியில் கணக்கிட்டு, அவர்கள் கேட்கும் நாணயத்துக்கு மாற்றி, மாற்று விகிதத்தின் தேதியையும் குறிப்பிடுங்கள். புதிய கேமரா வாங்குவதற்கே பாதிப் பணம் போகும் திட்டத்தை நடுவர்கள் விரும்புவதில்லை. படத்தில் இருப்பவர்களுக்கு அச்சுப்பிரதி தருவதற்கென ஒரு தொகையை ஒதுக்கியிருந்தால் அது உங்கள் மனத்தைக் காட்டும். ஆனால் படமெடுக்க அனுமதித்ததற்காக அவர்களுக்குப் பணம் கொடுப்பதைச் செய்தித் துறை ஏற்பதில்லை.

பரிந்துரை, நேரம், அனுப்புதல்

பரிந்துரைக் கடிதம் எழுதுபவருக்கு நான்கு வாரமாவது கொடுங்கள். உங்கள் அறிக்கை, படங்கள், நிதியின் பின்னணி மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். பெரிய பதவியில் இருப்பவரைவிட, நீங்கள் வேலை செய்ததைக் கண்ணால் பார்த்த ஆசிரியரே மேல்.

கடைசி நாளைச் சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றி எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். கோடையில் நியூயார்க் நம்மைவிட 12 மணி நேரம் பின்தங்கியது. அங்கே வெள்ளிக்கிழமை இரவு 11.59 என்றால் இங்கே சனிக்கிழமை காலை 11.59. குளிர்காலத்தில் அந்த வேறுபாடு 13 மணி நேரமாகும். லண்டன் கோடையில் 7 மணி நேரமும் குளிர்காலத்தில் 8 மணி நேரமும் பின்தங்கியது. எப்படியாயினும் இரண்டு நாள்களுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். கோப்பின் பெயர், நீள்பக்கத்தின் அளவு, நிற வகை ஆகியவற்றை அவர்கள் கேட்டபடியே அமைத்து, அனுப்பிய கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். கோப்பின் பெயரில் தமிழ் எழுத்துகள் இருந்தால் சில தளங்கள் ஏற்காமல் போகலாம்.

முடிவு வந்தபின்

கிடைக்காவிட்டால், தேர்வானவரின் படங்களைப் பொறுமையாகப் பாருங்கள். கருத்துச் சொல்ல முடியுமா என்று ஏற்பாட்டாளரை ஒருமுறை பணிவோடு கேளுங்கள். அந்த மாணவிக்கு முதல் முறை கிடைக்கவில்லை. மறு ஆண்டு அதே பூக்கடைக்காரர் ஊருக்கு விடுமுறையில் போனபோது தன் செலவில் உடன் சென்று, மகளையும் படமெடுத்து, தொடரை நீட்டித்து மீண்டும் அனுப்பினாள். இரண்டாம் முறை தேர்வானாள்.

கிடைத்தால், ஒரு வாரத்துக்குள் குடும்பத்துக்குக் கடிதம் எழுதுங்கள். நிதியை ஓர் அறக்கட்டளையோ பல்கலைக்கழகமோ நிர்வகித்தாலும் கடிதத்தை அவர்களிடம் சேர்த்துவிடுவார்கள். பணத்துக்கு நன்றி என்பதோடு நிறுத்தாமல், முதல் நாள் எங்கே போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். வேலை முடியும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதி, சிறிய அச்சுப்பிரதி ஒன்றையும் உறைக்குள் வையுங்கள். அந்த மாணவி, கைத்தொலைபேசியில் மகள் தெரியும் அந்தப் படத்தைத்தான் முதலில் அனுப்பினாள். நான்கு வாரம் கழித்து இறந்தவரின் தாயாரிடமிருந்து பதில் வந்தது. அந்தச் சிறுமியின் பெயர் என்ன, எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று அவர் கேட்டிருந்தார்.